நீ சித்தப்பாவிடம் கேட்ட கால்சட்டை

மகனே, இது நீ கேட்காத ஆளிடமிருந்து வரும் பதில். போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் உன் கடிதத்தை என் கையில்தான் கொடுத்தார். உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். பிறகுதான் பெயரைப் பார்த்தேன். உன் சித்தப்பாவின் பெயர் இருந்தது. அடுப்பங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பிரித்து, எனக்கும் உன் அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தான். வேலையில் உனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்துவிட்டார்கள் என்றும், அடுத்த மாதம் முதல் நுவரெலியாவிலிருந்து எட்டியாந்தோட்டை வரை தேயிலை ஃபக்டரிகளுக்குப் போய் மெசின்களைப் பார்க்க வேண்டும் என்றும், மேலே குளிரும் கீழே வெயிலுமான அந்தப் பாதைக்கு எந்த மாதிரிக் கால்சட்டை தைப்பது என்று சித்தப்பாதான் சொல்ல வேண்டும், அளவு கொடுக்கும் அன்று கூடவே வர வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கடைசி வரியில், அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று இருந்தது.

பதினேழு வருஷம் அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். உன் சித்தப்பா ஓட்டியது நான்கே வருஷம். அவனுக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஆனாலும் நீ அவனைக் கேட்டாய். "ஏங்க, மகன் எழுதுன கடுதாசிதானே, அதுக்கு ஏன் மொகத்த அப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் உன் அம்மா. கண்ணில் புகை பட்டுவிட்டது என்றேன். அன்று அடுப்பே மூட்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதவும் கிழிக்கவுமாக இருக்கிறேன். உனக்குக் கால்சட்டையைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். அது உன் அம்மாவுக்கும் தெரியாது.

உலக யுத்தம் முடிந்து பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களை மலிவாக விற்ற காலத்தில் ஹட்டனில் நான் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி இரண்டை வாங்கிப் போட்டார். தோட்டங்களில் மெசின் நின்றுபோனால் அங்கே ஓடிப் போய்ச் சரிசெய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஒரு வண்டி எனக்கு. அடுத்த வருஷம் உன் சித்தப்பா மாணிக்கம் பட்டறையில் சேர்ந்ததும் இன்னொன்று அவனுக்கு. நான் மஸ்கெலியாவுக்கு ஒரு வருஷமாகப் போய் வந்தும் அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது, 'பட்டறை ஆள்' என்பார்கள். அவன் இரண்டு தடவை போய் வந்தான். மூன்றாவது தடவை, கொழுந்து பறிக்கும் பெண்கள் மலை மேலிருந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கீழ்ப்பக்கம் போனால் கடைக்காரர்களோடு சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவான். எனக்கு அந்தப் பேச்சு வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் வந்ததில்லை. அப்போது உனக்கு ஆறேழு வயது. எங்கள் இரண்டு வண்டியின் சத்தத்தையும் நீ பிரித்து அறிவாய். என் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாய். அவன் வண்டிச் சத்தம் கேட்டால் ரோட்டுக்கே ஓடுவாய். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொறாமை என்ற பெயரை அதற்கு நான் அப்போது வைக்கவில்லை. தம்பிக்கு வாய்ச்சாலம் ஜாஸ்தி என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், தோட்டத்து ஃபக்டரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் புறப்பட்டார். போகிற வழியில் பட்டறைக்கு வந்து, ஒரு கால்சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அதை நான் முன்பே அவர் மேல் பார்த்திருக்கிறேன். காக்கி நிறத்தில் கெட்டியான கன்வஸ் துணி. முழங்காலிலும் இடுப்பின் இரண்டு பக்கத்திலும் இரட்டைத் தோல் வைத்துத் தைத்திருந்தது. உள்ளே கம்பளித் துணி, அதைப் பொத்தானைக் கழற்றித் தனியாக எடுத்துவிடலாம். கணுக்காலில் சின்ன வார். நாங்கள் இருவரும் முற்றத்தில் நின்றோம். மூத்தவன் நான், முந்தி நிற்கிறேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மாணிக்கத்தின் கையில் கொடுத்தார். நீ நிதானமாக ஓட்டுகிறவன், உனக்குத்தான் இது நெடுநாள் உழைக்கும் என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

கார் போனதும் உன் சித்தப்பா அதை என் பக்கம் நீட்டினான். "அண்ணே, நீங்க போட்டுக்குங்க. ஒங்களுக்குத்தான் நுவரெலியா பக்கம் ஓட்டம் ஜாஸ்தி" என்றான். "வெள்ளக்காரன் கழிச்சுப் போட்டத உடுத்துற அளவுக்கு நான் இன்னும் எறங்கிப் போகல. நீயே வச்சுக்க" என்றேன். சொல்லி முடித்த நிமிஷமே அது என் கையில் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

அதற்காக நான் செய்த காரியத்தைக் கேள். மறு வாரமே மஸ்கெலியாவில் ஒரு தையல்காரரிடம் போய், பளபளவென்று இருக்கும் கறுப்பு ரெக்சினில் ஒரு கால்சட்டை தைக்கச் சொன்னேன். பார்க்கத் தோல் மாதிரியே இருக்கும், தோலைவிட மினுக்கும். அந்தத் தையல்காரர் பெரியவர், நேர்மையானவர். "இது நாற்காலிக்குப் போடுற துணிங்க, காலுக்கு ஆகாது" என்றார். நான் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன். ரெக்சின் குளிரில் விறைத்துத் தகரம் மாதிரி ஆகி, முழங்காலை மடக்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. கித்துல்கலைப் பக்கம் போனபோது உள்ளே வேர்வை தேங்கி, வண்டியிலிருந்து இறங்கினால் சப்பாத்துக்குள் தண்ணீர் இருந்தது. மூன்றாம் வாரம் சைலன்சர் குழாயில் பட்ட இடம் உருகிக் கெண்டைக்காலோடு ஒட்டிக்கொண்டது. என் வலது காலில் இருக்கும் தழும்பு பட்டறை நெருப்பில் பட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஆகவே முதல் விஷயம், பார்வைக்காக எடுக்காதே. கடையில் நின்று பார்க்கும்போது அழகாக இருப்பது வண்டியில் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடும்.

உன் சித்தப்பா அந்தக் காக்கிக் கால்சட்டையை ஒரு வருஷத்துக்கு மேல் போட்டான். குளிருக்கும் அது, வெயிலுக்கும் அது. மேலே ஏறும்போது கம்பளியைப் பொத்தான் போட்டு மாட்டுவான், கினிகத்தேனை தாண்டினால் ஒரு கடையில் நிறுத்திக் கழற்றிச் சுருட்டிப் பின்னால் கட்டிக்கொள்வான். கன்வஸும் தோலும் எப்போதும் காலிலேயே இருக்கும். ஊரில் எல்லோரும் அந்தக் கால்சட்டையைப் பற்றிப் பேசினார்கள். நான் மட்டும் பேச மாட்டேன்.

அந்தத் தை மாதக் காலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துபோய்க் கிடப்பதாக லொறிக்காரர்கள் சொன்னார்கள். அன்று எனக்கு அங்கேதான் வேலை. மாணிக்கத்துக்கு எட்டியாந்தோட்டைப் பக்கம். பட்டறை முற்றத்தில் அவன் வண்டிக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ்ப்பக்கமா போற?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. கொழுந்து உருட்டுற மெசின் நின்னு போச்சாம்."

"இந்தக் களிசானோட அந்த வெயில்ல போனா வெந்துருவ. கம்பளியக் கழட்டுனாலும் தோலு வேர்வையில ஊறி தொடையெல்லாம் புண்ணாயிரும். மெல்லிசா ஒன்னப் போட்டுக்கிட்டுப் போ, அதுதான் ஒடம்புக்கு நல்லது."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீங்க நுவரெலியாவுக்குங்களா?" என்றான். ஆமாம் என்றேன். "அங்க குளிரு தாங்காதே. அப்ப இத நீங்க போட்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்லி, உள்ளே போய்க் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மெல்லிய டிரில் துணிக் கால்சட்டையில் ஏறி உட்கார்ந்தான். நான் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

வெயிலில் தோல் ஆகாது என்று நான் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் அந்தப் புத்திமதியின் மோசம். தம்பியின் உடம்பைப் பற்றி அக்கறைப்படுகிற அண்ணன் பேசுவது போல அது இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது அக்கறை அல்ல. அந்தக் கால்சட்டை ஒரு நாளாவது அவன் மேல் இருக்கக் கூடாது, என் மேல் இருக்க வேண்டும் என்பதுதான். அன்று நான் நுவரெலியாவுக்கு ஏறியதைப் போலச் சுகமாக அதற்கு முன் ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை. மூக்கு விறைக்கிறது, விரல் மரத்துப் போகிறது, கால் இரண்டும் போர்வைக்குள் இருப்பது போல இருக்கிறது. நானுஓயாவில் ஒரு டீக்கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

திரும்பி வரும்போது தலவாக்கலையில் பெற்றோல் போட நிறுத்தினேன். அங்கே எங்கள் பட்டறை லொறி டிரைவர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "தம்பி விழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரியில இருக்காரு, ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். கினிகத்தேனைக்குக் கீழே ஒரு வளைவில் புதிதாகச் சல்லிக்கல் கொட்டியிருந்திருக்கிறார்கள். எதிரே பஸ் வர, மாணிக்கம் ஓரம் கட்டினான், வண்டி சறுக்கியது. வேகம் ஒன்றும் இல்லை. வலது முழங்காலில் விழுந்து பத்துப் பதினைந்து அடி சல்லியின் மேல் இழுபட்டுப் போயிருக்கிறான். டிரில் துணி முதல் அடியிலேயே கிழிந்துவிட்டது. பக்கத்துக் கடை முதலாளி ஒரு சிங்களவர், தான் உடுத்தியிருந்த சாரத்தைக் கிழித்துக் காலைக் கட்டி, வந்த முதல் வான் வண்டியில் ஏற்றி அனுப்பினாராம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்ற பிறகுதான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஓடி ஒளிய இடமில்லை. அவன் கண்ணைத் திறந்து முதலில் என் காலைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். "குளிரு தாங்குச்சா அண்ணே?" என்று கேட்டான். தாங்கியது என்று தலையாட்டினேன்.

மூன்று மாதம் படுத்திருந்தான். முழங்கால் சில்லு பிசகி, எலும்பு கூடிய பிறகும் கால் மடங்கவில்லை. மஸ்கெலியாவில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஒரு நாள் வந்து பார்த்தார்கள், தோடம்பழம் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு வரவில்லை. பட்டறையில் அவனை ஸ்டோர் பார்க்கப் போட்டார்கள். நம் வீட்டோடு இருந்துவிட்டான். நான் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு வருஷமும் அவன் சாயங்காலமானால் வீட்டில் இருந்தான், நீயும் இருந்தாய். உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவன். பள்ளிக்கூடத்தில் உனக்காகப் போய்ப் பேசியது அவன். நான் வந்து சேரும்போது நீங்கள் இருவரும் எதற்கோ சிரித்து முடித்திருப்பீர்கள். என்னவென்று கேட்டால், "ஒன்னுமில்லப்பா" என்பாய். அவனுடைய காலை எடுத்தவன் நான். என்னுடைய மகனை அவன் எடுத்துக்கொண்டதாக நினைத்து அத்தனை வருஷமும் அவன் மேலேயே எரிச்சல் பட்டேன். நியாயம் கெட்ட புத்தி என்று தெரிந்தும் அது போகவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த உறையைப் பார்த்தபோதும் வந்தது.

அந்தக் கால்சட்டையை நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். போட்டேன். "பெட்டியில கெடந்து பூச்சி அரிக்கும், நீங்க போடுங்க" என்று அவனே சொன்னான், வெட்கமில்லாமல் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து மழைக்காலத்தில், நானுஓயாவுக்கு இறங்கும் வளைவில் லொறியிலிருந்து சிந்திய எண்ணெயில் என் வண்டி வழுக்கியது. அவன் விழுந்தது போலவே விழுந்தேன், அதே வலது முழங்காலில். எழுந்து பார்த்தால் கால்சட்டைத் தோலின் மேல் பட்டை பட்டையாகச் சீவியிருக்கிறது, ஒரு இடத்தில் நூல் தெரிகிறது. அதைச் சுருட்டிப் பார்த்தேன். முழங்காலில் ஒரு கீறல் இல்லை. மழையில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அந்த வழியாக வந்த ஒரு கங்காணி பலமான அடி என்று நினைத்து என்னைத் தூக்க வந்தார். அடி ஒன்றும் இல்லைங்க என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு கால்சட்டை தைக்காதே. இரண்டு இருந்தால் ஒரு நாள் தவறானதைப் போட்டுக்கொண்டு போவாய். உன் பாதையில் காலையில் உறைபனி, மத்தியானம் எட்டியாந்தோட்டை வெயில், இரண்டும் ஒரே நாளில் வரும். மேல்துணி கெட்டிக் கன்வஸாக இருக்கட்டும், உள்ளே கம்பளி கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். தோல் முழங்காலிலும் இடுப்பிலும் மட்டும் போதும், முழுக்கத் தோல் வைத்தால் கீழ்ப்பக்கம் நிஜமாகவே புழுங்கிப் போவாய். வலது கெண்டைக்காலின் உள்பக்கம் சைலன்சருக்கு ஒரு தோல் துண்டு. தொடையின் உள்பக்கம் தையல் வராமல் வெட்டச் சொல், ஐம்பது மைல் உட்கார்ந்தால் அந்தத் தையல் கத்தி மாதிரி அறுக்கும். தோலை ஒற்றைத் தையலில் விடாதே, மெழுகு தேய்த்த நூலில் இரட்டைத் தையல் போட வேண்டும். விழும்போது துணிக்கு முன்னால் தையல்தான் விடும். கணுக்காலில் வார் வைத்து இறுக்கு, சங்கிலியில் துணி சிக்காது, தோட்டத்துக்குள் நடக்கும்போது அட்டையும் ஏறாது. அளவு கொடுக்கும்போது நின்றுகொண்டு கொடுக்காதே. முழங்காலை மடக்கி வண்டியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து கொடு. நிற்கும்போது சரியாக இருக்கிற கால்சட்டை உட்கார்ந்தால் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும், தோல் ஒரு இடத்திலும் உன் மூட்டு ஒரு இடத்திலும் இருக்கும். வெயில் ஏறினால் கம்பளியைக் கழற்று. மேல்துணியைக் கழற்று என்று யார் சொன்னாலும் கழற்றாதே, சொல்கிறவர் உன் மேல் எவ்வளவு பிரியமாகப் பேசினாலும்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்றுப் பகல், உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், உன் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். உனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. படித்து முடித்ததும், "அன்னிக்கே தெரியும்ணே" என்றான்.

"என்ன தெரியும்?"

"அந்தக் களிசான் மேல ஒங்களுக்கு ஆசன்னு. கொடியில காயிறப்பல்லாம் நீங்க போய்த் தொட்டுத் தொட்டுப் பாப்பீங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். நீங்கதான் கேக்கல. அன்னிக்குச் சுத்தி வளச்சுப் பேசுறப்ப, சரி, இப்பவாவது எடுத்துக்கட்டும்னுதான் கழட்டுனேன்."

"நீ விழுவன்னு நான் நெனைக்கல மாணிக்கம்."

"நானும் நெனைக்கலண்ணே. நெனச்சிருந்தா கொடுத்திருப்பேனா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "கோவமே இல்லன்னு சொன்னா பொய்யி. ஆஸ்பத்திரியில படுத்திருந்த மூணு மாசமும் இருந்துச்சு. ஒங்க மொகத்தப் பாக்கவே புடிக்காது. வீட்டுக்கு வந்தப்பறம் ஒங்க மகன் புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு வந்து பக்கத்துல ஒக்காந்துட்டான். அப்பறம் கோவத்துக்கு நேரமில்லாமப் போச்சு."

அவனே காகிதத்தை வாங்கி மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒன்ன விட்டுட்டீங்க. இடுப்ப பின்பக்கம் ஒசரமா வெட்டச் சொல்லி எழுதுங்க. குனிஞ்சு ஓட்டுறப்ப நடு முதுகுல குளிரு ஏறும்" என்றான். பதினேழு வருஷம் ஓட்டிய எனக்கு அது ஞாபகம் வரவில்லை. நான்கு வருஷம் ஓட்டிய அவனுக்கு வந்தது. எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

நுவரெலியாவில் தையல்காரரிடம் அளவு கொடுக்க, அவனைத்தானே நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தாய். "நான் போகலண்ணே. நீங்க போங்க, ஒங்க மகன்" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு எழுந்து போனான். எவ்வளவு சுலபமாக ஒரு பொருளைக் கையை விட்டு விடுகிறான் பார். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, மகனே. ஆனால் இந்தத் தடவை நான் வாங்கிக்கொள்ளவில்லை. பின்னாலேயே போய், போனால் இரண்டு பேரும் போவோம், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் காலை நீட்டி உட்கார முன் ஸீட் பிடிக்க வேண்டும், அதனால் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவோம். தையல்காரர் நாடாவை எடுத்ததும் சித்தப்பா சொல்வதைக் கேட்டு அதன்படி வெட்டச் சொல். நான் பக்கத்தில் நிற்பேன். கொஞ்சம் எரியத்தான் செய்யும். முகத்தில் தெரிந்தால் பார்க்காத மாதிரி இருந்துவிடு.

உன் அப்பா